சுவருக்குள் பூத்த பச்சை

பூசாத செங்கல் சுவர். ஜெரோம் தச்சுப் பென்சிலால் அதில் கோடு இழுத்துக்கொண்டே போகிறான். நான் உளியும் சுத்தியலுமாகப் பின்னால் நிற்கிறேன். கீழே தெரணியகலை பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர் "அவிசாவளை, அவிசாவளை" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். மழை வரப்போகிற புழுக்கம். சிமெந்துத் தூசி வியர்வையோடு சேர்ந்து என் கழுத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கிறது.

"இந்த எடத்துல படத்துக்கு மூணு வயரு, சத்தத்துக்கு ரெண்டு" என்றான் ஜெரோம். "பக்கத்துல ஒரு வெறும் பைப்பு."

"வெறும் பைப்புக்குள்ள என்னாத்தப் போடுறது?"

"ஒன்னும் போடாத. ஒரு நைலோன் கயிறு மட்டும் உள்ள விட்டுட்டு அப்படியே பூசிரு."

"காத்து போய் வரவா பைப்பு?"

அவன் சிரித்தான். "பத்து வருசம் கழிச்சு என்னா மெசினு வரும்னு எனக்குத் தெரியாது மச்சான். அதுக்குத்தான் இது."

அவன் அந்தத் 'தெரியாது'வைச் சொன்ன விதம்தான் எனக்குள் தீயை வைத்தது. எனக்குத் தெரியாததை நான் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாததை மறைத்து மறைத்தேதான் பத்துப் பதினைந்து வருசம் வயர் வேலை பார்த்து வந்தேன். ஒருத்தன் இவ்வளவு துணிச்சலாகத் 'தெரியாது' என்கிறான் என்றால், மிச்சமெல்லாம் அவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

உளியை வைத்து ஓங்கி அடித்தேன். செங்கல் தேவைக்கு மேலேயே உடைந்தது.

மாடி வந்த கதை

பியசேன முதலாளிக்குக் கீழே படக்கடை. அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், பிள்ளை பெரியவளானால் சடங்குப் படம். யுத்த காலம் என்பதால் அடையாள அட்டைப் படத்துக்குத்தான் கூட்டம் அதிகம். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் பாதிப்பேரின் முகம் அந்தக் கடைக் கண்ணாடி அலமாரியில் எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும்.

அவருக்குத் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் சிங்களம்தான் வரும். அவருக்கு ஒரு கனவு இருந்தது. மேலே மாடி எடுக்க வேண்டும். பெரிய அறையில் ரெண்டு கமெரா வைத்துப் பாட்டு, நாட்டியம், வாழ்த்து எல்லாம் பிடிக்க வேண்டும். பக்கத்துச் சின்ன அறையில் பிடித்த படத்தை வெட்டி ஒட்டுகிற மெசின்கள். நடுவில் கண்ணாடி. தெரணியகலையில் அப்படி ஒன்று அப்போது கிடையாது. தெஹியோவிட்டயிலும் கிடையாது.

கடையின் லைட் வேலை, அழைப்பு மணி வேலை, கூரை மேல் ஆன்டெனா வேலை எல்லாம் நான்தான். வேலை தெரிந்த கைக்கு இங்கே 'பாஸ்' என்று பெயர். மாடிக்குச் செங்கல் வந்து இறங்கிய அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்.

"ராசு பாஸ், மேல வயர் வேலை ஒனக்குத்தான். வேற ஆளே இல்ல."

அந்தச் சொல்லை நான் மாசக்கணக்கில் வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், எப்படியாவது பேச்சை மாடிப்பக்கம் கொண்டுபோய்விடுவேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே ஒரு பிளானும் போட்டேன். சுவருக்கு ஒரு ஆன்டெனா வயர். அவ்வளவுதான் அந்தப் பிளான். போட்ட பிறகு ராத்திரியெல்லாம், இடி விழுந்தால் என்ன ஆகும், எலி கடித்தால் என்ன ஆகும், முதலாளி ஏதாவது கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று புரண்டு புரண்டு படுப்பேன். இருந்தாலும் அது என் பயம், என் வேலை.

அப்போதுதான் ஜெரோம் படம் எடுக்க வந்தான். பாஸ்போட்டுக்குப் படம். வளைகுடாவில் ஒரு டீவி நிலையத்தில் தரைக்கடியில் வயர் இழுக்கிற வேலையில் ஆறேழு வருசம் இருந்துவிட்டு வந்திருந்தான். திரும்பப் போக இரண்டாவது கொன்றாக்ட் தயாராகிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார வைத்து, நாடியைத் தூக்கச் சொல்லி, படம் பிடிக்கிற நேரத்தில் முதலாளி பேச்சுக் கொடுத்திருக்கிறார். அரை மணித்தியாலத்தில் ரெண்டு பேரும் மாடியில் நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ராசு பாஸ், ஜெரோம் பிளான் போடுவாரு. நீ செவரு வெட்டு. ஹரித?"

சரியா என்று கேட்கிறார். அவனுக்குப் 'போடுவாரு'. எனக்கு 'வெட்டு'.

"ஹரி முதலாளி" என்றேன். வேறென்ன சொல்ல?

பஸ் ஜன்னல்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகாமல் முடியாது.

நானும் ஜெரோமும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. எட்டாம் வகுப்பு வரைக்கும் அங்கே. அதற்கு மேல் படிக்க பஸ் ஏறித் தெஹியோவிட்டப் பக்கம் போக வேண்டும். அந்த வருசம்தான் என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்ப் படுத்தார். நான் கொன்றாக்ட்டில் புல்லு வெட்டப் போனேன். கணக்கில் ஜெரோமைவிட நான் கெட்டி. இதைச் சொன்னால் இப்போது யார் நம்பப் போகிறார்கள்? அவனே ஒத்துக்கொள்வான், அது வேறு விசயம்.

காலையில் ரோட்டோர மலையில் நாங்கள் நிரை பிடித்து நிற்கிற நேரத்துக்குச் சரியாகப் பள்ளிக்கூட பஸ் வளைவில் திரும்பும். வெள்ளைச் சட்டையோடு ஜன்னலோரம் ஜெரோம். என்னைக் கண்டால் கையை ஆட்டுவான். ஒருநாள்கூட ஆட்டாமல் போனதில்லை.

நான் காலில் அட்டை கடித்த மாதிரிக் குனிந்துகொள்வேன். பஸ் சத்தம் தேயும் வரை இல்லாத அட்டையைப் பிடுங்கிக்கொண்டே இருப்பேன்.

அவன் ஒருநாளாவது பெருமை பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். ஒரு தரம் திமிராகப் பார்த்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். அவன் அப்படி ஒன்றையும் எனக்குக் கொடுக்கவில்லை.

அவன் போட்ட பிளான்

சதுரக் கட்டம் போட்ட தாளில் அவன் போட்ட பிளானை மாடித் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தான். பெரிய அறையில் நாலு இடம். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஐந்து வயர். ஆக இருபதும் இடையில் எங்கும் ஒட்டு இல்லாமல் நேராகச் சின்ன அறை அலமாரிக்கு வந்து சேர வேண்டும்.

"நடுவுல ஒட்டுப் போட்டா என்னா?"

"செவுத்துக்குள்ள ஒட்டு கெட்டா, செவுத்த ஒடச்சுத்தான் தேடணும்."

படத்துக்கான வயரை எடுத்துக் காட்டினான். கோஆக்ஸியல் என்று பெயர். பார்த்தால் ஆன்டெனா வயர் மாதிரிதான் இருந்தது.

"இதுவும் எழுபத்தஞ்சு ஓம்தானேடா? நம்ம ஆன்டெனா வயரும் எழுபத்தஞ்சுதானே?" என்று கேட்டேன். அவனை மடக்கிவிட்டதாக நினைப்பு.

"எழுபத்தஞ்சுதான். நல்லாக் கேட்ட. ஆனா வெட்டிப் பாரு." பேனாக்கத்தியால் ரெண்டையும் உரித்துப் பக்கத்தில் வைத்தான். "அதுல நடுக் கம்பி இரும்பு, மேல செம்பு பூசினது. பின்னலும் எண்ணி நாலு நூலு. இதுல நடுவும் செம்பு, பின்னலும் நெருக்கமா செம்பு. இன்னைக்கு கேசட் படம் போகும். நாளைக்கு கலரு மூணாப் பிரிஞ்சு வரும். அப்ப மூணு வயரும் ஒரே நீளமா இருக்கணும், இல்லாட்டி கலரு ஒன்னு முந்தும் ஒன்னு பிந்தும். அதுக்குப் பொறகு டிஜிட்டல்னு படமே வெறும் எண்ணா மாறி வரும்கிறாங்க. அதுவும் இதே வயருல போகும். ஆனா அந்தப் படம் பழைய படம் மாதிரி கொஞ்சங்கொஞ்சமா மங்காது. வயரு நல்லா இருந்தா இருக்கும், மோசம்னா ஒரேயடியாப் போயிரும்."

சத்த வயரைக் கரண்ட் வயருக்குப் பக்கத்தில் ஓட விடக் கூடாது, ஒரு கை தள்ளி ஓட வேண்டும், குறுக்கே தாண்ட வேண்டி வந்தால் நேர் குறுக்காகத் தாண்ட வேண்டும். படவயரைச் சுவர் மூலையில் மடக்கக் கூடாது, தேங்காய் அளவாவது வளைவு வேண்டும். ரெண்டு முனையிலும் ஒரே நம்பர் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முழம் வயரைச் சுருட்டி மிச்சம் விட வேண்டும்.

எல்லாம் எனக்கு விளங்கியது. அதுதான் கொடுமை. விளங்காமல் இருந்திருந்தால் 'பெரிய படிப்பு, நமக்கு ஒத்து வராது' என்று விட்டிருப்பேன். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பூட்டில் சாவி மாதிரி மண்டைக்குள் போய் உட்கார்ந்தது. அந்த பஸ்ஸில் நானும் ஏறியிருந்தால் இந்தத் தாளை நான் விரித்திருப்பேன், அவன் செங்கல் வைத்திருப்பான்.

மூன்று கிழமை சுவர் வெட்டினேன், பைப் பதித்தேன், வயர் இழுத்தேன். எல்லாம் அவன் சொன்ன மாதிரியேதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும், கதவோரப் பெட்டியில், சுருட்டி வைத்த வயர் அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றதால் ரெண்டு வயரைக் கட்டையாக வெட்டி அழகாக அடக்கினேன்.

வேலை செய்த நேரமெல்லாம் என் கண் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தது. இந்தப் பிளானில் ஒரு ஓட்டை. ஒன்று போதும்.

கிடைத்த ஓட்டை

மழை அதைக் காட்டிக் கொடுத்தது.

மெசின்கள் கொழும்பிலிருந்து வர இன்னும் மூன்று நாலு கிழமை ஆகும். அதுவரை நாற்பது முனையும் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். பூச்சு வேலை நடக்கிறது, சுவரெல்லாம் தண்ணீர். எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் வைத்த உப்பு கரைந்து ஓடுகிற மழை.

"முனைக்கு என்னாடா செய்யிறது?" என்று கேட்டேன்.

"டேப்பு சுத்தி விடு, போதும்" என்று சொல்லிவிட்டு மெசின் பார்க்கக் கொழும்புக்குப் போய்விட்டான்.

டேப்பு போதுமாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. பாலைவனத்தில் வேலை பார்த்தவனுக்கு எங்கள் சப்ரகமுவ மழை தெரியுமா? பின்னலுக்குள் தண்ணீர் ஏறினால் திரி மாதிரி இழுத்துக்கொண்டு உள்ளே போகும் என்று அவன் படித்த புத்தகத்தில் இல்லையாக்கும். கண்டுபிடித்துவிட்டேன். அவனுக்குத் தெரியாத ஒன்று. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

எங்கள் ஆட்களுக்கு எதற்கும் மருந்து ரப்பர் பால்தான். செருப்பு அறுந்தால் ரப்பர் பால். தகரத்தில் ஆணி ஓட்டை ஒழுகினால் ரப்பர் பால். குடை கிழிந்தால், மத்தளத் தோல் விட்டால், பந்து காற்றுப் போனால் எல்லாவற்றுக்கும் அதுதான். தோட்டத்து ஸ்டோரில் பால் உறையாமல் இருக்க அமோனியா கலந்து பவுசர் லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். அங்கே வேலை செய்கிற தெரிந்த ஆளிடம் கேட்டு ஒரு டின்பால் டப்பா நிறைய வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு எரிந்தது.

நாற்பது முனையையும் முக்கினேன். காய விட்டு மறுபடி முக்கினேன். மூன்று தரம். வெள்ளையாக இருந்தது காய்ந்து தேன் நிறமாக இறுகியது. ஒவ்வொரு முனையும் விரல் நுனி மாதிரி உருண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் போக இடமில்லாமல் நின்றது. அதற்கு மேல் அவன் சொன்ன டேப்பையும் சுற்றினேன்.

திறப்பு விழாவன்றைக்கு, முதலாளிக்கு முன்னால், சும்மா போகிற போக்கில் சொல்வதாக இருந்தேன்: 'ஜெரோம் மறந்துட்டான் முதலாளி, நான்தான் மழைக்குத் தாங்குற மாதிரி செஞ்சு வெச்சேன்.' பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பழகினேன். 'மறந்துட்டான்' என்ற இடத்தில் கொஞ்சம் இரக்கம் சேர்த்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

லெச்சுமி மூக்கைச் சுளித்தாள்

என் மனைவி லெச்சுமி பால்வெட்டுக்காரி. விடிவதற்கு முன்னே கத்தியும் வாளியுமாக மலைக்குப் போகிறவள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னாங்க இது, ஸ்டோரு வாடை அடிக்குது?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் கையில் இருந்த கோப்பையை வைத்தாள். "வயருக்குள்ள இருக்கிறது என்னா?"

"செம்பு. முழுச் செம்பு."

"செம்புலயா பாலை ஊத்துனீங்க?"

"ஏன்?"

"ஏனா? பித்தளைச் சொம்ப ஸ்டோரு வாசல் தாண்டி கொண்டுபோக விடமாட்டாங்க. அமோனியா போற பைப்பு, வால்வு எல்லாம் இரும்புதான். செம்பு பட்டா பாலும் கெட்டுரும், அமோனியா பட்டா செம்பும் பச்சையாப் பூத்துரும். சின்னப்புள்ளைக்கும் தெரியுமே. இவ்வளவு காலம் தோட்டத்துல இருந்துக்கிட்டு..."

"நான் பால் வெட்டுனவன் இல்லையே" என்றேன்.

"பால் வெட்டுறவ பக்கத்துலதான் இருக்கேன். ஒரு வார்த்தை கேக்கிறதுக்கு என்னா?"

கேட்டிருக்கலாம். யாரிடமும் கேட்காமல் எனக்கு மட்டும் தெரிந்ததாக ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன் அல்லவா, அதற்கு எப்படிக் கேட்பது?

"நாளைக்கே போய் ஜெரோம் அண்ணங்கிட்டச் சொல்லிருங்க" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

கத்தி கையில் இருந்தது

மறுநாள் பூச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே மாடிக்குப் போனேன். முதல் பெட்டியைத் திறந்து டேப்பை அவிழ்த்து ரப்பரைப் பிய்த்தேன். உறை மாதிரி கழன்று வந்தது.

உள்ளே பச்சை. பழைய குத்துவிளக்கின் அடியில் படிந்திருக்குமே, அந்த மாதிரி. வெளியுறையை விரலளவு உரித்தேன். பின்னல் வழியே அமோனியா ஏறியிருந்தது. இன்னும் உரித்தேன். அங்கேயும் லேசாகப் பச்சை.

எல்லா முனையையும் அன்றைக்கே பார்த்தேன். ரப்பர் உறைகளைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெட்டுகிற கத்தி என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு முனையிலும் ஒன்றரைச் சாண் வெட்டி எறிந்திருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். மிச்சம் சுருட்டி வைத்த வயர் அதற்குப் போதும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

நான் வெட்டவில்லை. பழையபடி டேப்பைச் சுற்றினேன்.

ஏன் என்று இத்தனை வருசமாக என்னையே கேட்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி, அதனால்தான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்த்தேன். பயம்தான் காரணம் என்றால் வெட்டியிருப்பேன். ஒரு நினைப்பு, கால்வாசி நினைப்புத்தான், நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது. வயர் அவன் பொறுக்கியெடுத்த வயர். பிளான் அவன் பிளான். பச்சை பூத்தால் அது யார் பேரில் பூக்கும்?

பதினேழு நாள்

கொழும்பிலிருந்து வந்த ஜெரோம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக எங்கள் லயத்துக்கு வந்தான். கையில் ஒரு பொதி பேரீச்சம்பழம். லெச்சுமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"தங்கச்சி, பாஸ்போட்ட அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன்" என்றான். "கொடகவெலயில ஒருத்தரு இதே மாதிரி ஸ்டூடியோ போடப் போறாராம். நம்ம வேலையப் பாக்க வாறாரு. அது புடிச்சிருச்சின்னா நான் திரும்பிப் போகல. ஊரோட இருந்துருவேன். ராசுவும் என்னோடதான்."

"நல்லது அண்ணே" என்றாள் லெச்சுமி. என்னைப் பார்த்தாள். நான் எப்போதோ சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பேரீச்சங்கொட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் சொல்லப் போனேன். ஒவ்வொரு நாளும் அவன் எனக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தான், கற்றதும் வாய் மூடிக்கொண்டது.

மெசின்கள் வந்தன. கொடகவெலக்காரரும் வந்தார். முதலாளி, முதலாளியின் மனைவி, எல்லோரும் மாடியில் சுற்றி நிற்க, ஜெரோம் முதல் பெட்டியின் டேப்பை அவிழ்த்தான்.

முனையை உரித்துக்கொண்டு வந்த அவன் கை நின்றது. அடுத்ததை உரித்தான். அடுத்ததை. நாலாவது பெட்டிக்கு அவன் நடந்து போகவில்லை, ஓடினான்.

"புது வயரு" என்றான், யாரிடமும் சொல்லாமல். "புது வயரு."

"மே மொகத, ஜெரோம்?" என்றார் முதலாளி. இது என்ன என்று கேட்கிறார். சிங்களம் வந்துவிட்டது. செவுரெல்லாம் பூசியாச்சு, ஊரையே கூப்பிட்டாச்சு, இருக்கிறதிலேயே நல்ல வயர் என்று சொல்லித்தானே வாங்க வைத்தாய் என்று கொட்டினார். கொடகவெலக்காரர் மரியாதையான மனுஷர். ஜன்னல் பக்கம் திரும்பிப் பஸ் ஸ்டாண்டைப் பார்க்கத் தொடங்கினார்.

ஜெரோமின் முகத்தைப் பார்த்தேன். நான் சின்ன வயதிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட முகம். எதிரே நிற்கிற ஆளைப் பார்க்க முடியாமல் கீழே குனிந்த முகம்.

பொய் எழுதக் கூடாது. இனித்தது. மூன்று மூச்சு விடுகிற நேரம் நன்றாக இனித்தது.

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். "என் தப்பு முதலாளி. நான் எடுத்த வயரு. ராசு மேல ஒரு குத்தமும் இல்ல. அவன் நான் சொன்னபடிதான் செஞ்சான்."

விழுந்து கிடக்கிற நேரத்திலும் அவன்தான் உயரமாக நின்றான். அதையும் அவனுக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உண்மை என் வாயிலிருந்து வந்தது என்றால், நல்ல மனசால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

"அவன் சொன்னபடி செய்யல முதலாளி" என்றேன். "ரப்பர் பால்ல முக்குனேன். என்னாலதான் கெட்டுச்சு."

ஜெரோம் கையிலிருந்த முனையை மூக்குக்கிட்டே கொண்டுபோனான். அவனும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதானே.

"கெட்டுப் போச்சுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான்.

"மறுநாளே."

"இன்னைக்கு எத்தன நாளு?"

"பதினேழு."

"அப்பக் கையில கத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எடு. வெட்டு" என்றான்.

இருபது நம்பர்

கொடகவெலக்காரரை ஒரு மணித்தியாலம் இருக்கச் சொல்லி ஜெரோமே கேட்டுக்கொண்டான். அவர் கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை எதுவரை போயிருக்கிறது என்று உரித்து உரித்துப் பார்த்து, நல்ல செம்பு தெரிகிற இடத்தில் வெட்டினோம். ஒன்றரைச் சாண் வெட்டியதிலேயே முக்கால்வாசி முனை தேறியது, மிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் வெட்டினோம். கதவோரத்தில் நான் அழகு பார்த்துக் கட்டையாக வெட்டிய ரெண்டு வயர் மட்டும் பெட்டிக்கு எட்டவில்லை. ஜெரோம் வெறும் பைப்பிலிருந்த நைலோன் கயிற்றில் புது வயரைக் கட்டி, சின்ன அறையில் நின்று இழுத்தான். சுவரில் ஒரு கீறல் விழாமல் வந்து சேர்ந்தது.

கொடகவெலக்காரர் எழுந்து வந்து அந்த பைப்பின் வாயைக் குனிந்து பார்த்தார். "நம்ம எடத்துலயும் இது வேணும்" என்றார்.

வேலை முடியும் வரை ஜெரோம் என்னிடம் நம்பர் மட்டும்தான் பேசினான்.

"ஏழு."

"ஏழு."

"எட்டு."

"எட்டு."

இருபது வரைக்கும் அப்படியே போனது.

முடிந்ததும் முதலாளி என் தோளில் கை வைத்தார். "ராசு பாஸ், கீழ கடையில லைட் வேலை இருந்தாச் சொல்லி அனுப்புறேன்." மாடிக்கு இனி நான் இல்லை என்று விளங்கியது. ஜெரோமைப் பார்த்தேன். அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அதற்காகவும் நான் அவனை மன்னித்திருக்க மாட்டேன்.

ராத்திரி லெச்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேரீச்சம்பழப் பொதியை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். "இத நீங்க தின்னாதீங்க" என்றாள்.

பால் பொங்கிய நாள்

திறப்பு விழாவுக்கு முதலாளி எனக்கும் அழைப்புக் கொடுத்தார். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் போனேன். லெச்சுமியும் வந்தாள்.

வாசலில் பால் பொங்க வைத்தார்கள். முதலாளியின் மனைவி கிரிபத் என்கிற பாற்சோற்றை வெட்டினாள். கொடகவெலக்காரர் ஜெரோமோடு ஏதோ நாள் குறித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜெரோமின் மனைவி சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் போகவில்லை, ஊரோடுதான் இருக்கப் போகிறான் என்று அதைப் பார்த்தே தெரிந்தது.

மாடியில் வரிசையாக நாலு டீவி வைத்திருந்தார்கள். ஜெரோம் சின்ன அறையில் எதையோ அமுக்கினான். நாலிலும் ஒரே நேரத்தில் படம் வந்தது. முதலாளியின் பேத்தி கமெரா முன்னால் ஆடினாள். சலங்கைச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. இரைச்சல் இல்லை. கூட்டம் கை தட்டியது.

நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே படத்தைப் பார்த்தேன். முதல் டீவியின் ஓரத்தில் ஒரு கோடு ஓடுகிறதா? ரெண்டாவதில் சிவப்பு கொஞ்சம் வழிகிறதா? மூன்றாவதில் புள்ளி? ஒரு புள்ளியாவது? கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூலையாகத் தேடினேன்.

பேத்தி ஆடி முடித்ததும் கமெரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. எல்லோரும் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

லெச்சுமி முழங்கையால் இடித்தாள்.

"ஏங்க, அந்தா நீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்க மட்டும் என்னாத்துக்கு இப்புடி மொறைச்சுப் பாக்கிறீங்க? அதுல என்னாத்தத் தேடுறீங்க?"

நாலு டீவியிலும் என் முகம். ஒரு புள்ளி இல்லை.